நாற்காலிக்கு நாள் வாடகை: பிரிக்பீல்ட்ஸ் பகிர்வு அலுவலகத்தில் எங்கள் ஓராண்டு

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பிரிக்பீல்ட்ஸில் இயங்கும், பல நிறுவனங்கள் வாடகைக்கு இடம் எடுத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பகிர்வு அலுவலகத்தை எங்கள் கணக்கியல் நிறுவனம் 2025 பிப்ரவரி முதல் பயன்படுத்தி வருகிறது. முதலாளியையும் சேர்த்து 13 பேர் கொண்ட சிறிய நிறுவனம் எங்களுடையது. நிர்வாகமும் ஆள்வளமும் என் பொறுப்பு என்பதால், முதலாளியின் மனத்தாங்கலும் ஊழியர்களின் மனத்தாங்கலும் முதலில் வந்து சேர்வது என் மேசைக்குத்தான். இந்த இடத்தின் குறைகளையும் மறைக்காமல் எழுதவிருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இதே போன்ற இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுக்கலாமா என்று யோசிக்கும் சிறு நிறுவனங்களுக்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும்.

இந்த இடத்தை நாங்கள் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு மோதல். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனா பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, எல்லாரும் மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, 2022 ஏப்ரல் முதல், பெட்டாலிங் ஜெயாவில் கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த எங்கள் பழைய அலுவலகத்துக்கு விரும்பியவர்கள் விரும்பிய நாளில் வந்து போனார்கள். எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. 2024 இறுதியில் அந்தக் கடைவீட்டின் குத்தகை முடிந்தபோது முதலாளி ஒரு முடிவோடு இருந்தார்: பெரியதாக ஓர் இடம் பார்ப்பது, வாரத்தில் 5 நாளும் அனைவரையும் அங்கே வரச் செய்வது. இந்தச் செய்தி பரவிய அதே வாரத்தில், அனுபவமுள்ள இருவர் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பதாக என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

முதலாளியின் பிடிவாதத்தை அதிகார ஆசை என்று ஊழியர்கள் பலர் எண்ணினார்கள். எனக்குக் காரணம் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, வாடிக்கையாளர் ஒருவரின் வேன் தவணைப் பணத்தை அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரிக்காமல் முழுவதையும் செலவுக் கணக்கில் எழுதி வந்திருக்கிறார். அவர் வீட்டிலிருந்து வேலை செய்ததால் 4 மாதங்களாக அது யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்து மேசையில் மூத்தவர் ஒருவர் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே எட்டிப் பார்த்துத் திருத்தியிருப்பார். "நேர்ல உக்காந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருக்கலாம்மா" என்று முதலாளி என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபத்தைவிடக் கவலையே அதிகமாக இருந்தது. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர்தானே.

ஊழியர்கள் தரப்பு நியாயமும் அதற்குக் குறைந்ததல்ல. எங்களில் 3 பேர் கிள்ளானிலும், இருவர் சிரம்பானிலும், ஒருவர் ராவாங்கிலும் வசிக்கிறார்கள். 4 ஆண்டுகளாக வீட்டிலிருந்து வேலையைக் குறையின்றி முடித்துக் கொடுத்தவர்கள், திடீரென்று தங்கள் மீது நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதா என்று கேட்டார்கள். சட்டத்தையும் எடுத்துக் காட்டினார்கள். 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தங்களின்படி, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60பி (60P), 60கியூ (60Q) என்ற புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். ஆனால் விண்ணப்பத்தை ஏற்றே தீரவேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சட்டம் கொடுப்பது கேட்கும் உரிமையும் பதில் பெறும் உரிமையும்தான். அந்தப் பதில் எப்படி அமையும் என்பது இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதைப் பொறுத்தது.

அப்படிப் பேசியதில் தற்காலிக ஏற்பாடாக வந்ததுதான் இந்தப் பகிர்வு அலுவலகம். 6 பேர் அமரக்கூடிய பூட்டுள்ள தனி அறை ஒன்றை மாதம் 3,900 ரிங்கிட்டுக்கு எடுத்தோம். அதற்கு மேல் வருபவர்களுக்குப் பொதுக்கூடத்தில் மேசை கிடைக்கும். ஒரு மேசைக்கு ஒரு நாள் கட்டணம் 38 ரிங்கிட். சந்திப்பு அறை மாதத்துக்கு 10 மணி நேரம் இலவசம். ஒப்பந்தம் 6 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பெட்டாலிங் ஜெயாவில் நாங்கள் பார்த்த கடைவீடுகளில் உரிமையாளர்கள் குறைந்தது 2 ஆண்டுக் குத்தகையும் முன்பணமும் கேட்டார்கள். எந்த ஏற்பாடு நிலைக்கும் என்று தெரியாத நேரத்தில் 6 மாத ஒப்பந்தம் எங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

முதல் மாதம் முதலாளி விரும்பியபடியே நடந்தது: திங்கள் முதல் வியாழன் வரை அனைவரும் வந்தோம். பிப்ரவரியில் அப்படிப்பட்ட நாட்கள் 16. தைப்பூசத்தன்று விடுமுறை என்பதால் 15. அறைக்குள் 6 பேர் போக, மீதி 7 பேருக்கும் நாள் மேசை. மாத இறுதியில் கட்டணப் பட்டியல் வந்தபோது மேசைகளுக்கு மட்டும் 3,990 ரிங்கிட் ஆகியிருந்தது. தனி அறையின் வாடகையைவிட 90 ரிங்கிட் கூடுதல். இந்த இடத்தின் உண்மையான பயனை நான் கண்டுகொண்டது அப்போதுதான். பழைய கடைவீட்டில் ஒருவர் வந்தாலும் 13 பேர் வந்தாலும் வாடகை ஒன்றே. ஆகவே, செவ்வாய்க்கிழமை எல்லாரும் எதற்காக வந்தோம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. இங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு விலை இருக்கிறது. 38 ரிங்கிட் கொடுத்து ஒருவரை வரவழைத்தால், அன்று அவர் வந்ததால் நடந்தது என்ன என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

அந்தக் கேள்வியை முதலாளியே எழுப்பினார். 15 நாட்களிலும் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டார். நான் எழுதத் தொடங்கியபோது படம் தெளிவாகத் தெரிந்தது. புதன்கிழமைகளில் வாடிக்கையாளர் கோப்புகளை மேசையில் பரப்பி வைத்துச் சேர்ந்து பார்த்தார்கள். 3 இளைய ஊழியர்கள் கேட்ட கேள்விகளுக்கு உடனுக்குடன் விடை கிடைத்தது. ஒரு வாரமாக மின்னஞ்சலில் இழுபட்ட ஒரு பிணக்கு 20 நிமிடத்தில் தீர்ந்தது. செவ்வாய், வியாழக்கிழமைகளில் மூத்தவர்கள் பெரும்பாலும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களுடன் இணையவழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் கிள்ளானிலேயே இருந்திருக்கலாம்.

அதே தாளில் எதிர்ப்பக்கமாக இன்னொரு கணக்கையும் எழுதினேன். கிள்ளான் தோழி ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பி, கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நாற்காலியில் அமர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. போக வர 3 மணி நேரம். 15 நாளுக்கு 45 மணி நேரம். வேலைச் சட்டம் ஒரு வாரத்துக்கு அனுமதிக்கும் அதிகபட்ச வேலை நேரமும் 45 மணி நேரம்தான். ஒரே மாதத்தில் ஒரு முழு வேலை வாரத்தை அவர் ரயிலில் கழித்திருக்கிறார். காஜாங்கிலிருந்து எம்ஆர்டி நகர ரயிலில் வருபவருக்குச் செலவு பெரிதில்லை. 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் எல்லையின்றிப் பயணிக்கும் மை50 அட்டை அவரிடம் இருக்கிறது, மியூசியம் நெகாரா நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு நடைபாதையும் உண்டு. கொம்யூட்டர் ரயிலுக்கு அந்த அட்டை செல்லாது. ஆகவே கிள்ளான், சிரம்பான், ராவாங் ஊழியர்களுக்கு நேரத்தோடு பணமும் கூடுதலாகச் செலவாகிறது. பள்ளி முடிந்த பிள்ளையை மாலை 7 மணி வரை பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டியவர்கள் இருவர்.

இரண்டு பக்கக் கணக்கையும் ஒரே தாளில் பார்த்தபோது முதலாளி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்த 45 மணியை நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்லம்மா" என்றார். தன் பக்கத்துச் செலவு கண்முன் வந்ததும், எதிர்ப்பக்கத்துச் செலவையும் அவரால் பார்க்க முடிந்தது. ஊழியர்களிடமும் அதே தாளைக் காட்டினேன். வேன் தவணைக் கதையின் முழு விவரமும், அந்தக் கணக்கைத் திருத்த முதலாளி செலவிட்ட இரவுகளும் அவர்களில் பலருக்கு அப்போதுதான் தெரியவந்தன.

ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ஏற்பாடு இது: புதன்கிழமை அனைவரும் வருவது. இளைய ஊழியர்கள் மூவரும் திங்கள், வியாழனிலும் வருவது. அந்த நாட்களில் மூத்தவர்களில் ஒருவர் முறைவைத்து வந்து அவர்களோடு அறையில் இருப்பது. அறையில் 6 நாற்காலி இருப்பதால் இதற்குக் கூடுதல் செலவில்லை. அலுவலகம் வரும் நாட்களில் காலை 7.30 முதல் 10 மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் வேலையைத் தொடங்கலாம். மூவர் 60பி பிரிவின் கீழ் முறையாக விண்ணப்பித்து, மூவருக்கும் எழுத்து மூலம் பதில் வந்தது. ஒருவரது கோரிக்கை காரணத்தோடு மறுக்கப்பட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்து 5 மாதங்களே ஆகியிருந்தன. ஓராண்டு முடிந்ததும் மறுபடி பரிசீலிப்பதாக அதில் எழுதியிருந்தது. அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் காரணம் புரிந்தது என்றார். மே மாதத்தில் நாள் மேசைக் கட்டணம் 1,064 ரிங்கிட்டாகக் குறைந்தது. வேலை தேடிக்கொண்டிருந்த இருவரும் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள்.

எங்கள் அனுபவம் தனித்ததன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் நேச்சர் இதழில் வெளியானது. வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே பதவி விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்தரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அதிகம் பயனடைந்தவர்கள் பெண்கள், மேலாளர் பொறுப்பில் இல்லாதவர்கள், நெடுந்தூரம் பயணிப்பவர்கள். எங்கள் கிள்ளான் தோழிக்கு இம்மூன்றுமே பொருந்தும். அமேசான் நிறுவனம் 2025 ஜனவரி முதல் தன் அலுவலக ஊழியர்களை 5 நாளும் வரச் சொன்னதை முதலாளி முன்பு உதாரணம் காட்டுவார். அவ்வளவு பெரிய நிறுவனத்தில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு ஆள் கிடைத்துவிடும். 13 பேர் கொண்ட நிறுவனத்தில் ஒருவர் விலகினால் 20 வாடிக்கையாளர்களின் நினைவும் அவரோடு சேர்ந்து போய்விடும் என்று நான் பதில் சொன்னேன்.

இளைய ஊழியர்களுக்கு நேரில் வருவது தேவை என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. விலைப்பட்டியல்களை மின்னணு வடிவில் வரி வாரியத்தின் தளத்தில் பதிவுசெய்யும் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஜூலை 1ஆம் தேதி 50 லட்சம் முதல் 2 கோடியே 50 லட்சம் வரை விற்றுமுதல் உள்ளவற்றை எட்டியது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் இந்தக் கடைசிப் பிரிவில் வருகிறார்கள். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தளத்தில் ஒரு விலைப்பட்டியல் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதைத் திரையைப் பகிர்ந்து விளக்க அரை மணி ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து விரலால் சுட்டிக் காட்ட 2 நிமிடம் போதுமானதாக இருந்தது. வேன் தவணையில் தவறிய அந்தத் தம்பிதான் இன்று புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறார்.

இனி இடத்தைப் பற்றி. இணைய வேகத்தில் குறையில்லை, நாற்காலிகள் முதுகை வருத்துவதில்லை, தேநீர் சுமார். தொழுகைக்கு அறை இருக்கிறது. வரவேற்பில் இருக்கும் தங்கைகள் வாடிக்கையாளர்களை மரியாதையோடு அழைத்து வந்து அமர்த்துகிறார்கள்; பழைய கடைவீட்டில் மின்தூக்கி இல்லாததால் மாடி ஏறத் தயங்கிய வயதான வாடிக்கையாளர்கள் இங்கே மகிழ்ச்சியோடு வருகிறார்கள். புதன்கிழமை மதியம் அனைவரும் ஒன்றாக வாழை இலையில் சாப்பிடப் போவது எந்த விதியிலும் எழுதப்படாத வழக்கமாகிவிட்டது.

குறைகளில் முதன்மையானது புதன்கிழமை நெரிசல். நாங்கள் யோசித்ததையே மற்ற நிறுவனங்களும் யோசித்திருக்கின்றன. வாரத்தின் நடுவில் எல்லாரும் வருகிறார்கள். முன்பதிவு செய்த 7 மேசைகளில் 2 வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததை ஒரு நாள் வந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம். சிரம்பானிலிருந்து வந்தவர் அன்று பாதி நாளைச் சமையலறை ஓரத்தில் கழித்தார். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அன்றைய கட்டணத்தைத் திருப்பித் தந்தது, ஆனால் அவருடைய 3 மணி நேரப் பயணத்தைத் திருப்பித் தர யாராலும் இயலாது. தொலைபேசிக் கூண்டுகள் மாடி முழுவதற்கும் 3தான். வாடிக்கையாளரின் வருமானத்தைப் பற்றிப் பொதுக்கூடத்தில் சத்தமாகப் பேச முடியாது என்பதால் எங்கள் தொழிலுக்கு இது சாதாரணக் குறையன்று.

இரண்டாவது குறை, மாலை 7 மணிக்குக் குளிரூட்டி நின்றுவிடுவது. தனிநபர் வருமான வரிப் பாரத்துக்கு ஏப்ரல் 30, தொழில் வருமானத்துக்கு ஜூன் 30 என்று கெடு நெருங்கும் வாரங்களில் நாங்கள் 9 மணி வரை இருக்க நேர்ந்தது. சன்னல் திறக்காத அறையில் அது வேதனை. மூன்றாவது, பொது அச்சுப்பொறி. வாடிக்கையாளரின் வங்கி அறிக்கை ஒன்று ஒரு மணி நேரம் அதன் தட்டில் கிடந்தது. அன்றே தனி அச்சுப்பொறி வாங்கி அறைக்குள் வைத்துவிட்டோம். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதால் பழைய கோப்புகளுக்கு வெளியே ஒரு கிடங்கும் எடுக்க வேண்டியிருந்தது; வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் உறுத்தியது நுழைவு அட்டைப் பதிவு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்ற முழு விவரமும் மாதந்தோறும் பட்டியலோடு இணைக்கப்பட்டு முதலாளிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே அனுப்பினார்கள். மார்ச் மாதத்தில் ஓர் ஊழியர், 5 மணிக்கு முன் கிளம்பியது ஏன் என்று கேட்கப்பட்டபோதுதான் இது மற்றவர்களுக்குத் தெரிந்தது. காலை 7.30க்கே வந்தவர் அவர். அன்று மாலை என்னிடம் வந்து அழுதார். சேர்த்துவைத்த நம்பிக்கை அந்த ஒரு தாளால் கரையத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஐச் சுட்டி, எந்த விவரம் எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்று சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என எழுதிக் கொடுத்தேன். இப்போது நாள் ஒன்றுக்கு எத்தனை மேசை பயன்பட்டது என்ற எண்ணிக்கை மட்டுமே வருகிறது; பட்டியலைச் சரிபார்க்க அதுவே போதும். முதலாளி அந்த ஊழியரைத் தனியாக அழைத்து வருத்தம் தெரிவித்தார். பகிர்வு அலுவலகம் எடுக்கும் எவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, இந்தப் பதிவு யாருக்குப் போகிறது என்று கேட்டுவிடுங்கள்.

வாரம் 5 நாளும் பெரும்பாலோர் வந்தே ஆகவேண்டிய தொழிலுக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது, கடைவீடே மலிவு. எல்லாரும் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் செய்துவிடக்கூடிய, புதியவர்களைச் சேர்க்காத நிறுவனத்துக்கும் இது தேவையில்லை. நடுவில் நிற்பவர்களுக்கு, அதிலும் ஊழியர்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வருபவர்களாக இருந்தால், கே.எல். சென்ட்ரல் போன்ற ரயில் சந்திப்புக்குப் பக்கத்தில் இடம் பார்க்கும்படி சொல்வேன். சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் ஏற்றதன்று. ராவாங் நண்பர் வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பார்த்து ரயிலுக்கு மாறிவிட்டார். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஜாலான் துன் சம்பந்தன் பகுதியில் நடக்கவே இடமிருக்காது என்பதாலும், 2025 மே 26, 27இல் ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்காகச் சாலைகள் மூடப்பட்டதாலும் அந்த நாட்களில் அனைவரும் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். அதற்குத் தனி அனுமதி எதையும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடந்த மாதம் ஒப்பந்தத்தை மேலும் 6 மாதங்களுக்குப் புதுப்பித்தோம். முன்பதிவு செய்த மேசை கிடைக்காவிட்டால் இரண்டு நாள் கட்டணம் கழிக்கப்படும், கெடு மாதங்களில் குளிரூட்டி 9 மணி வரை இயங்கும் என்று இரண்டு வரிகளை இம்முறை சேர்த்திருக்கிறோம். பொது நாளைப் புதனிலிருந்து திங்களுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் அந்தக் கிள்ளான் தோழி. அன்று கூட்டம் குறைவு, நாள் மேசைக்கு 30 ரிங்கிட்தான் என்று விசாரித்துவந்து சொன்னார். முதலாளி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, திங்கள் காலை கொம்யூட்டரில் உட்கார இடம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டார்.